கினிப்பன்றியின் சருமமும் அதற்கு நேரும் சங்கடங்களும்

கினிப்பன்றியை முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுவந்தவர் எவராயினும், ஒரு வாரத்துக்குள் ஏதோ ஒரு மாலை நேரத்தில் அதை மடியில் வைத்துத் தடவிக் கொடுக்கும்போது, இரு காதுகளின் பின்புறத்திலும் உரோமமே இல்லாமல் வழவழவென்று வெறுந்தோலாக இருப்பதைக் கண்டு திடுக்கிடாமல் இருப்பதில்லை. உடனே பிராணிக்கு ஏதோ கொடிய சரும வியாதி பிடித்துவிட்டது என்று தாமே நிச்சயித்து, தெருமுனை மருந்துக் கடைக்கு ஓடி, மனிதருக்கு விற்கிற களிம்பு ஒன்றை வாங்கிவந்து அந்த இடத்தில் தேய்த்துவிட்டு, உரோமம் முளைத்திருக்கிறதா என்று தினந்தோறும் காலையில் எழுந்து பார்ப்பவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் இந்த நூலை எழுதுகிறவர்தாம். அந்த வழுக்கை வியாதியன்று. கினிப்பன்றியின் பிறவி லட்சணம். வயதான பிராணியின் முன்னங்காலில், பாதத்தின் ஓரத்தில், கெட்டித்த தோல் ஒரு முள்ளைப் போல் நீண்டு நிற்பதும், கண்ணோரத்தில் பால் போன்ற வெண்ணீர் சுரக்க அதைக் கைகளால் வழித்து அது முகம் துடைத்துக் கொள்வதும் அப்படியே இயற்கையானவை. இவற்றுக்கு மருந்து வேண்டியதில்லை.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. கினிப்பன்றிகளைச் சரும நோய்கள் வாட்டுவதைக் காட்டிலும், அந்த நோய் இன்னதென்று அறிவதற்கு முன்பே எஜமானர்கள் பூசிவிடுகிற எண்ணெய்களும் களிம்புகளும் பொடிகளும் அதிகமாக வாட்டுகின்றன என்பது பல வருஷ அனுபவத்தில் எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயம். சுமார் ஒரு கிலோ எடையே உள்ள சின்னஞ்சிறு பிராணி அது. தன் உடம்பில் எதைத் தடவினாலும் நக்கி விழுங்கிவிடும் சுபாவமுடையது. விழுங்கியதை வாந்தியெடுக்கும் சக்தி அதற்கு இல்லை. ஆகையால் அதன் தோலின் மேல் இடப்படும் ஒவ்வொரு மருந்தும் உண்மையில் அதன் வயிற்றுக்குள் இடப்படும் மருந்தே என்று எண்ணிக்கொண்டுதான் நாம் சிகிச்சையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பூசுவதற்கு முன் பார்க்க வேண்டும். நல்ல பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரத்தில், ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் பிராணியை நிறுத்தி, உரோமத்தை வாயால் மெல்ல ஊதிப் பிரித்துத் தோலைப் பாருங்கள். மூக்கு, கண்ணிமை, காது, முதுகு, விலாப்புறம், தொடையின் உட்பகுதி, ஆசனவாய், பாதங்களின் அடிப்புறம் என்று ஓர் ஒழுங்காகப் பார்த்து வாருங்கள். பேன் சீப்பினால் நான்கு தடவை வாரி, உதிர்ந்தவற்றைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பாருங்கள். பிறகு மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: அரிப்பு இருக்கிறதா, இல்லையா? உரோமம் உதிர்ந்த இடம் எது, இரு பக்கமும் ஒரே மாதிரியா, ஒரு பக்கம் மட்டுமா? வீட்டிலுள்ள மற்றப் பிராணிகளுக்கோ குழந்தைகளுக்கோ இதே சமயத்தில் ஏதேனும் தடிப்பு உண்டாயிற்றா? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால், மருத்துவரிடம் போகுமுன்பே முக்கால் பங்கு ரகசியம் வெளிப்பட்டுவிடும்.

அரிப்புகளிலெல்லாம் கொடியது சொறி. ஒரு வருஷம் ஐப்பசி மழையின்போது என் வீட்டில் இரண்டு பெண் கினிப்பன்றிகள் இருந்தன. கூண்டைத் தாழ்வாரத்திலிருந்து உள்ளே எடுத்துவைத்த நாளிலிருந்து அவற்றுள் கறுப்பு நிறமானது பின்னங்காலால் தோளைச் சொறிய ஆரம்பித்தது. மழைக் காலத்துப் பொடுகு என்று நான் அலட்சியமாக இருந்தேன். ஒரு வாரத்தில் தோளிலிருந்து முதுகு வரையில் உரோமம் திட்டுத்திட்டாக உதிர்ந்து, தோல் தடித்து, மஞ்சள் நிறப் பொருக்குகள் படிந்தன. என் தாயார் பார்த்துவிட்டு, "வேப்பெண்ணெய் தடவுடா, தெருநாய்ச் சொறியே அதில் ஆறிப்போகும்" என்றார்கள். அம்மாவின் வாக்குக்கு மேல் சாஸ்திரம் ஏது? தடவினேன். அந்த ஜீவன் அதை நக்கிவிட்டுத் தீனியை நிறுத்திக்கொண்டது. எண்ணெய்ப் பசையில் உரோமமெல்லாம் ஒட்டிக்கொள்ள, ஈரக் காற்றில் குளிரால் நடுங்கியது. மூன்றாம் நாள் இரவு அதைக் கையில் எடுத்த மாத்திரத்தில், தலையைப் பின்னுக்கு வளைத்துக் கால்களை உதைத்துக்கொண்டு வலிப்பு வந்ததுபோல் துடித்தது. உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்றே நினைத்தேன். மறுநாள் காலையில் அதைப் பரிசோதித்த கால்நடை மருத்துவர் சாவதானமாகச் சொன்னார்: "வலிப்பு நோய் என்று பயப்படாதீர்கள் சார். அரிப்பு. அதன் உச்சத்தில் இப்படித்தான் இழுக்கும்."

அவர் சொன்னது முழு உண்மை. தோலுக்குள் சுரங்கம் தோண்டி, அதிலேயே முட்டையிட்டு வாழும் ஒரு சொறிப்பூச்சி கினிப்பன்றிக்கென்றே ஏற்பட்டது. ட்ரிக்ஸாகரஸ் கேவியே என்று அதற்குப் பெயர். விஞ்ஞானிகள் அதை விவரித்து அந்தப் பெயரை இட்டதே 1972-இல்தான் என்பது, மனிதனுக்காக இத்தனை காலம் சோதனைக் கூடங்களில் உயிர்விட்ட பிராணியின் சொந்த நோவைப் பற்றி நாம் எவ்வளவு தாமதமாக விசாரித்தோம் என்பதற்கு ஓர் அத்தாட்சி. இந்தப் பூச்சி வெறும் கண்ணுக்குத் தெரியாது. மருத்துவர் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்ப்பார். ஆனால் ஆழத்தில் பதுங்கியிருப்பதால் பல சமயங்களில் சுரண்டலில் அகப்படாமலே போகும். பரீட்சையில் பூச்சி இல்லை என்று வந்தும், அரிப்பும் பொருக்கும் அமைந்த இடங்களைக் கண்டு மருத்துவர் சொறிக்கே சிகிச்சை செய்தால், அவர் குருட்டாம்போக்கில் செய்கிறார் என்று எண்ணிவிடக் கூடாது.

அதற்குரிய மருந்து ஐவர்மெக்டின். ஊசியாகவோ, பிடரியில் விடும் சொட்டாகவோ கொடுப்பார்கள். செலாமெக்டின் என்ற சொட்டு மருந்தும் உண்டு. ஜப்பானில் கவானா என்னும் ஊருக்கருகில் எடுத்த மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்தது ஐவர்மெக்டின்; அந்த ஆராய்ச்சிக்காக சதோஷி ஓமுராவும் வில்லியம் கேம்ப்பெல்லும் 2015-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். மருந்து உத்தமமானதுதான், அளவில்தான் ஆபத்து இருக்கிறது. மாட்டுக்குப் போடும் ஊசி மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் மருந்து உண்டு. கினிப்பன்றிக்குக் கிலோ எடைக்கு 0.4 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு கிலோ எடையுள்ள பிராணிக்கு வேண்டியது 0.04 மில்லிலிட்டர், அதாவது ஒரு சொட்டுக்குச் சற்றேறக்குறைய. பால்பண்ணை வைத்திருக்கும் நண்பரிடம் புட்டியை வாங்கிக்கொண்டு, ஒரு ஊசிக்குழாயில் கண்திட்டமாக இழுத்துப் போடுகிறவர், பத்து மடங்கு போட்டுவிட எத்தனை நேரமாகும்? இந்த ஒரு காரியத்தைத் தயவுசெய்து வீட்டில் செய்யாதீர்கள்.

மருந்து பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. ஆதலால் ஒன்று முதல் இரண்டு வார இடைவெளியில் இரண்டு மூன்று தடவை திரும்பக் கொடுத்தாக வேண்டும். முதல் ஊசிக்குப் பிறகு அரிப்பு தணிந்துவிட்டதைக் கண்டு, இனிப் பயமில்லை என்று இரண்டாவதை நிறுத்திவிடுகிறவர்கள், ஒரு மாதத்துக்குள் பழைய இடத்துக்கே வந்து நிற்பார்கள். கூண்டில் உள்ள எல்லாப் பிராணிகளுக்கும், அவை சொறியாவிட்டாலும், சேர்த்தே சிகிச்சை செய்ய வேண்டும். படுக்கைப் புல்லை எடுத்தெறிந்து, மரப் பெட்டிகளை வெந்நீரால் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். நோயுற்ற பிராணியைத் தூக்கி வைத்துக்கொள்கிறவரின் முன்கையிலும் வயிற்றிலும் சில நாள் அரிப்புத் தடிப்பு உண்டாகலாம். அந்தப் பூச்சி மனிதத் தோலில் நிலைத்து வாழாது, ஆகையால் பிராணி குணமானால் அதுவும் தானே போய்விடும். என் வீட்டுக் கறுப்பி ஆறு வாரத்தில் பழைய மினுமினுப்பை அடைந்தாள். வேப்பெண்ணெய்ப் புட்டியை நான் திரும்பவும் எடுக்கவில்லை. அம்மா மாத்திரம், நான் சரியாகத் தடவவில்லை என்றே கடைசி வரையில் சொல்லிவந்தார்கள்.

சொறிப்பூச்சிக்கு நேர்மாறானவை உரோமப் பூச்சியும் பேனும். உரோமத்தண்டைப் பற்றிக்கொண்டு தொங்கும் ஒருவகைச் சிறு பூச்சி, பெரும்பாலும் பின்முதுகில், மிளகுப்பொடி தூவியதுபோல் காணப்படும். பல பிராணிகளுக்கு அதனால் யாதொரு உபத்திரவமும் தெரிவதில்லை. பேன் காதைச் சுற்றியும் பிடரியிலும் வெளிர்நிறமாக ஊர்வது வெறும் கண்ணுக்கே புலப்படும். கினிப்பன்றியின் பேன் மனிதர் தலையில் குடியேறாது. ஆகையால் வீட்டுக் குழந்தைகளுக்கு மொட்டையடிக்க ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை. சொறிக்குச் சொன்ன அதே மருந்துகளை மருத்துவர் இவற்றுக்கும் கொடுப்பார். நாய்க்குத் தெள்ளுப்பூச்சி போவதற்காக விற்கிற ஃபிப்ரோனில் சொட்டு மருந்தை மட்டும் எக்காரணத்தை முன்னிட்டும் இந்தச் சிறு பிராணியின்மேல் விடக் கூடாது.

அரிப்பு அதிகமில்லாமல், மூக்கின்மேலும் கண்ணைச் சுற்றியும் காதோரத்திலும் உரோமம் ஒடிந்து உதிர்ந்து, வட்டவட்டமாகச் சாம்பல் நிறச் செதிள்கள் கண்டால், அது படர்தாமரை என்று சந்தேகிக்க வேண்டும். ட்ரைக்கோபைட்டான் வகையைச் சேர்ந்த பூஞ்சைக் காளானே இதற்குக் காரணம். இளம் பிராணிகளையும், கூட்டமாக அடைபட்டவற்றையும், கடையிலிருந்து புதிதாக வந்து மிரண்டு கிடப்பவற்றையும் இது முதலில் பிடிக்கும். வெளியே ஒரு சின்னமும் இல்லாமலே இந்தக் காளானைச் சுமந்துகொண்டிருக்கும் கினிப்பன்றிகளும் உண்டாகையால், புதிதாக வாங்கியதை இரண்டு மூன்று வாரமாவது தனிக் கூண்டில் வைத்துப் பார்த்த பிறகே பழையவற்றோடு சேர்ப்பது புத்திசாலித்தனம். புற ஊதா ஒளி வீசும் வுட்ஸ் விளக்கினால் பூனையின் படர்தாமரையைப் பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம். கினிப்பன்றியைப் பற்றும் காளான் அந்த ஒளியில் மினுங்குவதில்லை. உரோமத்தையும் செதிளையும் எடுத்து வளர்ப்புப் பரீட்சை செய்துதான் நிச்சயிக்க முடியும். அதற்கு இரண்டொரு வாரம் பிடிக்கும்.

இந்த நோயில் விசேஷமாகக் கவனிக்க வேண்டியது, இது மனிதருக்கும் தொற்றும் என்பது. குழந்தைகள் கினிப்பன்றியைக் கன்னத்தோடு அணைத்துக்கொள்வார்கள். பத்து நாளில் கன்னத்திலும் கழுத்திலும் சிவந்த வட்டங்கள் தோன்றும். தாயார் அதை வியர்வைப் படை என்று எண்ணி, மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கிற முக்கூட்டுக் களிம்பைப் பூசுவாள். அரிப்பை உடனே அடக்கும் ஸ்டீராய்டும், பூஞ்சை மருந்தும், கிருமி மருந்தும் சேர்ந்த அந்தக் களிம்பு, நான்கு நாள் சிவப்பை மறைத்துவிட்டு, உள்ளே படையை அகலமாக வளர்த்துவிடும். நம் நாட்டில் படர்தாமரை சமீப காலமாக மருந்துக்கு மசியாமல் முரண்டுபிடிப்பதற்கு இவ்விதக் களிம்புகள் ஒரு முக்கிய காரணம் என்று சரும வைத்தியர்கள் திரும்பத்திரும்ப எச்சரிக்கிறார்கள். அதே களிம்பைப் பிராணிக்கும் பூசினால் தீமை இரண்டு மடங்கு, ஏனெனில் அது நக்கிவிடும். குழந்தையைச் சரும வைத்தியரிடமும் பிராணியைக் கால்நடை மருத்துவரிடமும் ஒரே வாரத்தில் காட்டிவிடுவதே வழி. ஒன்றை மட்டும் குணப்படுத்தினால் மற்றொன்றிலிருந்து திரும்பவும் தொற்றிக்கொள்ளும்.

இங்கே ஒரு பழங்கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. படர்தாமரைக்கு வாய்வழி உட்கொள்ளும் மருந்து என்ற ஒன்று மனிதருக்கு இல்லாதிருந்த காலம் அது. மேலே எதைப் பூசியும் தீராத தலைப்படைக்கு எக்ஸ்ரே கதிரால் முடியையே உதிரச் செய்வார்கள். 1958-இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த ஜென்டில்ஸ் என்பவர், படர்தாமரை பிடித்த கினிப்பன்றிகளுக்கு கிரிஸியோஃபுல்வின் என்ற மருந்தை வாய்வழியாகக் கொடுத்து, உள்ளிருந்தே நோய் ஆறுவதை நிரூபித்தார். அதிலிருந்துதான் அந்த மாத்திரை மனிதருக்கு வந்தது. இன்று மருத்துவர்கள் இட்ரகோனஸோல், டெர்பினாஃபின் முதலியவற்றை அதிகமாக உபயோகிக்கிறார்கள். கிரிஸியோஃபுல்வின் கருவைப் பாதிக்குமாதலால் சினைப்பட்ட பிராணிக்கு ஆகாது. எதுவானாலும் சிகிச்சை பல வாரம் நீடிக்கும். உரோமம் முளைத்துவிட்டது என்பதற்காக நடுவில் நிறுத்தக் கூடாது.

இனி, பூச்சியும் காளானும் இல்லாமல், ஆகாரக் குறைவினாலேயே உண்டாகும் சருமக் கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இதுதான் அதிகம் என்பது என் எண்ணம். மனிதனைப் போலவே கினிப்பன்றிக்கும் வைட்டமின் சி-யைத் தன் உடம்பிலேயே செய்துகொள்ளும் சக்தி கிடையாது. 1907-இல், இன்று ஆஸ்லோ என்று வழங்கும் கிறிஸ்டியானியா நகரில், ஹோல்ஸ்ட், ஃப்ரோலிஷ் என்ற இருவர் கினிப்பன்றிகளுக்குத் தானியத்தையும் ரொட்டியையும் மட்டும் கொடுத்து வளர்த்தபோது, மாலுமிகளை வாட்டிய ஸ்கர்வி நோயே அவற்றுக்கும் வந்ததைக் கண்டார்கள்; வைட்டமின் சி-யின் சரித்திரம் அந்தக் கூண்டுகளின் வழியாகத்தான் நடந்து வந்திருக்கிறது. அந்த விஞ்ஞானிகள் வேண்டுமென்றே செய்ததை நாம் அறியாமலே செய்கிறோம். முயல் தீனி, கோழித் தீனி, ஊறவைத்த கொண்டைக்கடலை, பிஸ்கட் என்று கொடுத்துவிட்டுப் பிராணி நன்றாகத் தின்கிறது என்று சந்தோஷப்படுகிறோம். இரண்டு மூன்று வாரத்தில் உரோமம் பளபளப்பிழந்து சிலிர்த்து நிற்கும், தோல் செதிளாகும், சிறு கீறல்கூட ஆறாது, முழங்கால் மூட்டு வீங்கி, தொட்டாலே கீச்சிடும். இந்த க்ஷீண தசையில்தான் சொறியும் படையும் சுலபமாக உள்ளே நுழைகின்றன.

இதற்கு நிவர்த்தி மருந்துக் கடையில் இல்லை, காய்கறிக் கடையில் இருக்கிறது. வளர்ந்த பிராணிக்குக் கிலோ எடைக்குத் தினம் 10 முதல் 30 மில்லிகிராம் வைட்டமின் சி போதும்; சினையாக இருக்கும்போதும் நோயுற்றபோதும் கூடுதலாக வேண்டும். நூறு கிராம் கொய்யாப் பழத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது என்றால், ஒரு கட்டைவிரல் பருமனுள்ள துண்டே ஒரு நாளைய தேவைக்குப் போதுமானதாகிறது. குடைமிளகாயும் கொத்தமல்லித் தழையும் தினசரி கொடுக்க உகந்தவை. ஆயினும் ஆகாரத்தின் பெரும்பகுதி புல்லாகவே இருக்க வேண்டும்; நம் வயல் வரப்பிலும் வீட்டுத் தோட்டத்திலும் முளைக்கிற அருகம்புல்லை, மருந்து தெளிக்காத இடத்தில் அறுத்து, அலசிப் போட்டாலும், நிழலில் உலர்த்திப் போட்டாலும் அது ஆவலோடு தின்னும். வைட்டமின் சொட்டு மருந்தைக் குடிதண்ணீரில் கலந்து வைக்கும் பழக்கம் பிரயோஜனமற்றது; வெளிச்சத்திலும் தண்ணீரிலும் அந்தச் சத்து சீக்கிரம் அழிந்துவிடும், சுவை மாறியதால் பிராணி தண்ணீரையும் குறைத்துக்கொள்ளும். கினிப்பன்றிக்கென்று விற்கும் தீனிப் பொட்டலமும் தயாரித்து மூன்று மாதம் கடந்துவிட்டால், அதிலுள்ள வைட்டமினை நம்புவதற்கில்லை.

அரிப்பே இல்லாமல், இரு விலாப்புறங்களிலும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒரே அளவில் உரோமம் உதிர்ந்தால், அந்தப் பிராணி பெண்ணாகவும் இரண்டு வயதை ஒட்டியோ தாண்டியோ இருந்தால், தோலை விட்டுவிட்டு வயிற்றைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கக் கூடும். அறுவை சிகிச்சையே அதற்கு உறுதியான பரிகாரம். சினை முற்றிய மாதத்தில் விலாவில் உரோமம் மெலிவதோ, தாயை விட்டுப் பிரியும் வயதில் குட்டிகளுக்கு உரோமம் மாறுவதோ நோயன்று. ஒன்றையொன்று கடித்து உரோமத்தைக் கத்தரித்துவிடும் வழக்கமும் உண்டு. அப்போது தோல் சுத்தமாகவும், உரோம நுனிகள் வெட்டுப்பட்டதுபோலவும் இருக்கும். இட நெருக்கடியும் புல் பற்றாக்குறையும் அதற்குக் காரணங்கள். புல்லை வயிறாரப் போட்டு, ஒளிந்துகொள்ள ஆளுக்கொரு பெட்டி வைத்துவிட்டால் பெரும்பாலும் அந்தச் சண்டை ஓயும்.

பாதங்களைப் பார்ப்பவர்கள் குறைவு. கம்பித் தளத்தில் நிற்கிற, அல்லது நனைந்த சாக்கில் கிடக்கிற, அல்லது அளவுக்கு மிஞ்சிப் பருத்துவிட்ட கினிப்பன்றியின் உள்ளங்கால் முதலில் சிவக்கும், பிறகு காய்த்துப்போகும், பிறகு புண்ணாகி, கிருமி புகுந்து, எலும்பு வரையில் அழுகும். சிவப்பு நிலையில் கண்டுகொண்டால் தளத்தை மாற்றுவதே போதும். புண் நிலையில் மாதக்கணக்கில் கட்டுப்போட வேண்டும். எலும்பு நிலையில் கட்டு பலிக்கும் என்று எந்த மருத்துவரும் உறுதி சொல்லமாட்டார். கடைகளில் பார்வைக்கு அழகாக இருக்கிற கம்பியடித்தளக் கூண்டை வாங்கிவிட்டவர்கள், அதன்மேல் ஒரு பலகையையோ கெட்டித் துணியையோ பரப்பி, தினம் ஈரம் போக மாற்றி வந்தால் போதும்.

கழுத்தடியில் வீங்கி வரும் கட்டி பெரும்பாலும் சீழ்க்கட்டி. அதை நசுக்கக் கூடாது, மருத்துவர்தான் திறக்க வேண்டும். பின்முதுகில் உருண்டையாக, வலியில்லாமல், வெண்ணெய் போன்ற கழிவு கசியும் கட்டி பெரும்பாலும் தீங்கற்ற கழலை, அறுத்தெடுத்துவிடலாம். வயதான ஆண்களுக்கு வால் இருக்க வேண்டிய இடத்தில் உள்ள எண்ணெய்ச் சுரப்பி பிசுக்கேறி உரோமத்தைத் திரிதிரியாக ஒட்டவைக்கும். சில துளி தேங்காயெண்ணெயால் ஊறவைத்து, வெதுவெதுப்பான நீரால் கழுவித் துடைத்தால் சரியாகிவிடும். இதற்காக முழு ஸ்நானம் செய்விக்க வேண்டியதில்லை. பொதுவாகவே கினிப்பன்றிக்குக் குளியல் அபூர்வமாகத்தான் தேவைப்படும், அதுவும் உரோமம் அடிவரை காய்கிற வெயில் நாளில்.

ஈயைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வெப்பமும் ஈரமும் சேர்ந்த புரட்டாசி, ஐப்பசி நாட்களில், கழிச்சலாலோ மூத்திர ஈரத்தாலோ பின்புறம் நனைந்து கிடக்கும் பிராணியின்மேல் ஈ முட்டையிட்டால், ஒரு நாளுக்குள் புழு வெளிவந்து தோலைத் துளைக்க ஆரம்பித்துவிடும். கினிப்பன்றியின் சரும நோய்களில் மணிக்கணக்கில் உயிரைக் கொண்டுபோகக் கூடியது இதுதான். புழு கண்ணில் பட்ட அந்த நிமிஷமே, ராத்திரியானாலும், மருத்துவரைத் தேட வேண்டும்.

மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மருந்தைக்கூட ஒரு தடவை கேட்டுத் தெரிந்துகொள்வது தப்பில்லை. ஏனென்றால் நாய் பூனைகளையே அதிகம் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பிராணியின் ஒரு விபரீத குணம் சட்டென்று நினைவுக்கு வராமல் போகலாம். புல்லை ஜீரணிக்க உதவும் நுண்ணுயிர்கள் இதன் குடலில் கூட்டமாக வாழ்கின்றன. பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின், லிங்கோமைசின், கிளிண்டமைசின் முதலியவை வாய்வழி போனால் அந்த நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நச்சுக் கிருமிகள் பெருகி, பிராணி சில நாளில் கழிச்சலில் மடியும். 1940 மே மாதம் 25-ஆம் தேதி ஆக்ஸ்போர்டில் ஃப்ளோரி என்ற விஞ்ஞானி பென்சிலினை நோய்க்கு மருந்தாக முதன்முதலாகப் பரீட்சித்தது, கிருமி ஏற்றிய எட்டு சுண்டெலிகளிடத்தில். மறுநாள் மருந்து பெற்ற நான்கும் உயிரோடிருந்தன, பெறாத நான்கும் மாண்டிருந்தன. கினிப்பன்றிக்குப் பென்சிலின் நஞ்சாவது 1943-இல் வெளியாயிற்று. ஃப்ளோரி சுண்டெலிக்குப் பதிலாகக் கினிப்பன்றியைத் தேர்ந்தெடுத்திருந்தால், அந்த மகத்தான மருந்தை விஷம் என்று ஒதுக்கியிருப்பார்களோ என்னவோ! பாசிட்ராசின் கலந்த புண் களிம்பை மேலே தடவினாலும் நக்குவதால் இதே கேடு வரும். என்ரோஃப்ளாக்சசின், ட்ரைமெத்தோப்ரிம் சேர்ந்த சல்ஃபா மருந்து ஆகியவற்றைத்தான் மருத்துவர்கள் வழக்கமாகக் கொடுக்கிறார்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் முயலும் பறவையும் பார்த்துப் பழகிய மருத்துவர் யார் என்பதை, பிராணி ஆரோக்கியமாக இருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. போகும்போது நோய்ப்பட்டதை மட்டும் தனியே பிரித்துக் கொண்டுபோகாமல், கூட இருப்பதையும் ஒரே கூடையில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும், இரண்டையும் பார்க்கவும் வேண்டும். கூடையில் ஒரு பிடி புல்லும் போடுங்கள். கினிப்பன்றியைப் பட்டினி போட்டு அழைத்துப்போகும் வழக்கம் கூடாது, அரை நாள் தின்னாவிட்டாலே அதன் குடல் இயக்கம் நின்றுவிடக் கூடும். சமையலறைத் தராசில் வாராவாரம் நிறுத்தெழுதிய எடைக் குறிப்பு இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள். அன்று காலையில் எண்ணெயோ மஞ்சளோ களிம்போ எதையும் தடவாதீர்கள். மருத்துவர் சுரண்டி எடுக்கும் தோலில் மருந்து கலந்திருந்தால் காளான் பரீட்சை பொய்த்துப்போகும்.